தனிமையும் வாசிப்பும்: ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரின் பதில்கள்

கேள்வி (வேலைக்காகச் சென்னை வந்தவர்): விடுமுறை நாட்களில் அறைக்குள் தனியாக இருக்க முடியவில்லை. புத்தகக் கடையில் எதையும் வாங்காமல் நிற்கக் கூச்சமாக உள்ளது. எங்கே செல்லலாம், ஐயா?

பதில்: கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் செல்லுங்கள். சொந்த நூலைக் கொண்டுசென்று படிப்பதற்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896 முதல் இயங்குகிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி வந்துசேர வேண்டும் என 1954ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று என்பதால், உங்கள் நாட்டம் எதுவானாலும் அங்கே அதற்கு இடம் இருக்கும். கடைக்குச் செல்லவும் கூச்சப்பட வேண்டாம். இன்று புரட்டிப் பார்ப்பவர் நாளை வாங்குவார் என்பது விற்பவருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: ஒரே நாளில் பை நிறைய வாங்காதீர்கள். ஒன்றை வாங்கி, முடித்து, அடுத்ததற்காக மீண்டும் செல்லும்போதுதான் அங்குள்ளவர்களுக்கு உங்கள் முகம் பழகும்.

கேள்வி: தனிமைக்கு ஏற்ற ஒரு நூலைச் சொல்லுங்கள்.

பதில்: சொல்ல இயலாது. சிறுவயதில் எதை விரும்பிப் படித்தீர்களோ, அந்த வகை நூல்கள் உள்ள அடுக்கிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் அம்மாவால் நூலகம்வரை நடக்க முடியவில்லை.

பதில்: 1931இலேயே மன்னார்குடியிலிருந்து மாட்டுவண்டியில் நூல்கள் கிராமங்களுக்குச் சென்றன. இன்று நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூல்களைக் கொண்டுவந்து தருகிறார்கள். அருகிலுள்ள கிளை நூலகரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): மனிதர்களைத் தவிர்க்கவே பலர் படிக்கிறார்கள். வாசிப்பு தனிமையை வளர்க்கவே செய்யும்.

பதில்: அப்படிப் படிப்பவர்களும் உண்டு. ஆனால், நாளிதழ்ப் பிரிவுக்குத் தினமும் வரும் முதியவர்களை நான் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். எனினும், ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர்கள் என்னிடம் வந்து விசாரிப்பார்கள். தனித்திருப்பவருக்குத் தம்மைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். கையில் நூல் இருந்தால் அதைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

அதே ஆசிரியர்: அதற்கு டீக்கடை போதுமே?

பதில்: டீக்கடையில் பேச்சில் கலந்துகொள்ளாதவர் விலகி நிற்க நேரும். நூலகத்தில் ஒரு சொல்லும் பேசாமல் மாலைவரை பிறருடன் இருக்கலாம்; யாரும் காரணம் கேட்பதில்லை.

சேலத்திலிருந்து ஒரு பெண்: எங்கள் ஊர் டீக்கடையில் நான் தனியாக அரை மணி நேரம் உட்கார முடியுமா? நூலகத்தில் முடிகிறது.

பதில்: அம்மா, நான் சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆசிரியர் ஐயா இதற்கு என்ன சொல்வார் என்று அறிய விரும்புகிறேன்.

கேள்வி: தனிமையில் படிக்கச் சிறந்த நூல் எது?

பதில்: மேலே பதில் உள்ளது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பல வாரங்களாக உறக்கமில்லை. எதிலும் பிடிப்பில்லை. படித்தால் சரியாகுமா?

பதில்: இதற்கு நூல் போதாது. இன்றே 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள், மருத்துவரையும் பாருங்கள். நூலகம் அதன் பிறகும் இருக்கும்.

கேள்வி: மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு, பழைய புத்தகங்களுக்கு எங்கே செல்வது?

பதில்: திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைக் கடைகளுக்குச் செல்லுங்கள். யாரோ பென்சிலால் கோடிட்ட பக்கங்கள் கிடைத்தால் அந்தப் படியையே எடுங்கள். முன்பு படித்தவர் எங்கே நின்று யோசித்தார் என்பது தெரியும். அங்கும் பை நிறைய வாங்காதீர்கள்.