ஒரே மாத்திரை, ஒரே அளவு: அண்ணனுக்குக் கேட்டது தம்பிக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

கேள்வி: என் மகன்கள் இருவருக்கும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள கோளாறு). மூத்தவனுக்கு வயது 12, எடை 40 கிலோ. இளையவனுக்கு 9, எடை 25 கிலோ. இருவருக்கும் மெத்தில்பெனிடேட் என்ற ஊக்க மருந்து 10 மி.கி., காலையும் மதியமும். பெரியவனுக்கு நன்றாகக் கேட்கிறது. சின்னவன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, சதா நகம் கடிக்கிறான். ஊக்க மருந்துகள் யாருக்கு எப்படி வேலை செய்யும் என்பது மரபணுவைப் பொறுத்தது என்று சுண்டெலி ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: இப்போது தேவையில்லை. முதலில் பார்க்க வேண்டியது மருந்தின் அளவு.

நீங்கள் படித்தது சரிதான். டி.பி.ஏ/2ஜே என்ற சுண்டெலி ரகத்தில் டார்1 ஏற்பிக்கான (மருந்து வந்து ஒட்டும் புரதத்துக்கான) மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் புரதத்தின் 77-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின் வந்து, ஏற்பியே செயலிழந்துவிடுகிறது. மெத்தாம்பெட்டமைன் என்ற ஊக்க மருந்தின் ஒவ்வாத விளைவுகளை உணர்த்துவதில் இந்த ஏற்பிக்குப் பங்குண்டு. ஆகவே இந்த மாற்றம் மரபணுவின் இரு பிரதிகளிலும் (தாய்வழி, தந்தைவழி) உள்ள சுண்டெலிகள் மருந்து கலந்த நீரை அதிகம் குடிக்கின்றன. ஏற்பி சரியாக உள்ளவை ஒதுக்குகின்றன.

ஆனால் ஆய்வக ரகங்கள் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. ஒரு ரகத்தின் எல்லாச் சுண்டெலிகளும் ஏறக்குறைய ஒரே அச்சு. மனிதரில் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்களிப்பதால் ஒன்றை மட்டும் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. சுண்டெலியிலேயே மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை: 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ரகங்களை, ஒரே வகைக் கருவிகளில், மூன்று ஆய்வகங்களில் சோதித்தார்கள். அப்படியும் சில முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபட்டன.

உங்கள் மகனுக்குப் பயன்படக்கூடியது இன்னொரு விஷயம். சுண்டெலியை அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கே ஓடும் பெட்டியில் விட்டு, எத்தனை முறை கதிரைக் கடக்கிறது என்று எண்ணுவார்கள். ஆம்பெட்டமைன் என்ற ஊக்க மருந்தின் அளவு கூடக்கூட ஓட்டமும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணிக்கை சரியும். மருந்து கேட்காததால் அல்ல, மிஞ்சியதால்: சுண்டெலி ஒரே இடத்தில் நின்று முகர்வதும் கொறிப்பதுமாக இருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

பிள்ளைகளிலும் அளவு மிஞ்சினால் நகம் கடிப்பது, தோலைப் பிய்ப்பது, பேச்சுக் குறைந்து மந்தமாக உட்கார்ந்திருப்பது எல்லாம் வரலாம். "அமைதியாகிவிட்டான்" என்று இதை நல்ல பலனாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. நகம் கடிக்கும் பழக்கம் மாத்திரைக்கு முன்பே இருந்ததா என்று யோசியுங்கள்.

இந்த மருந்தை எடைக் கணக்கில்தான் தர வேண்டும் என்பதில்லை. ஆனாலும் நாளுக்கு 20 மி.கி. என்பது பெரியவனுக்குக் கிலோவுக்கு 0.5 மி.கி., சின்னவனுக்கு 0.8. வேளைக்கு 5 மி.கி. ஆகக் குறைத்து, தேவையென்றால் மட்டும் வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை கொடுத்த நேரம், பலன் தொடங்கி அடங்கிய நேரம், சாப்பாடு, தூங்கிய நேரம் ஆகியவற்றைத் தினமும் குறித்துவையுங்கள். சாதாரண மாத்திரையின் பலன் 3-4 மணி நேரம்தான். மாலையில் அது வடியும்போது மட்டும் எரிச்சல் வந்தால் அளவு மிஞ்சியது காரணமாக இருக்காது. காலை உணவுக்குப் பிறகு மாத்திரை கொடுத்தால் ஒரு வேளையாவது வயிறார உண்பான். அளவை மாற்றும்போதெல்லாம் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பரிசோதனை விளம்பரங்களில் சி.ஒய்.பி.2டி6 என்ற கல்லீரல் நொதியின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது அட்டாமாக்செடின் என்ற வேறொரு ஏ.டி.எச்.டி. மருந்துக்கு முக்கியம். மெத்தில்பெனிடேட்டைச் சிதைப்பது கல்லீரலின் சி.இ.எஸ்.1 நொதி. அதை மந்தமாக்கும் மரபணு மாற்றம் உண்டு, ஆனால் அரிது. 5 மி.கி.க்கே இதே தொல்லை வந்தால் அப்போது அதைப் பற்றிப் பேசலாம்; மருந்தை மாற்றுவதையும் அப்போது யோசிக்கலாம்.