ஷெட் போடுவதா, கார் வாங்கி விற்பதா: எது முதலில்?

கேள்வி: சேலம் மாவட்டத்தில் ஒரு கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். ஐ.டி.ஐ. படித்தவன். வேலையை விட்டுவிட்டு சொந்தமாக ஷெட் போட்டு, கூடவே பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்கலாம் என்று இருக்கிறேன். கையில் ஆறு லட்சம் உள்ளது. மனைவியின் நகையை வைத்தால் இன்னும் மூன்று லட்சம் புரட்டலாம். எதிலிருந்து ஆரம்பிப்பது? லைசென்ஸ், ஜி.எஸ்.டி. எல்லாம் என்னென்ன வேண்டும்?

பதில்: ஷெட்டை முதலில் போடுங்கள். கார் வியாபாரம் ஒரு வருடம் பொறுக்கட்டும். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

லேபர் சார்ஜ் வண்டி வெளியே போகும்போதே கைக்கு வந்துவிடும். வாங்கிப் போட்ட காரில் முடங்கிய பணம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஷெட்டில் இரண்டு வண்டி நிற்கத்தான் இடம் என்றால், அதில் ஒன்றை உங்கள் சொந்த கார் அடைத்துக்கொண்டு நிற்கும். கஸ்டமர் வண்டி வெயிலில் காத்திருக்கும். மெக்கானிக்குகள் கார் வியாபாரத்தில் அடிபடுவது பெரும்பாலும் இன்ஜின் தெரியாததால் அல்ல. ‘நானே பண்ணிக்கிறேன்’ என்ற தைரியத்தில் தன் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால்தான்.

ஆறு லட்சத்தில் ஷெட் அட்வான்ஸ், மூன்று மாத வாடகை, வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் ஆகியவற்றை முதலில் எடுத்து வையுங்கள். மீதி இருப்பதுதான் கருவிகளுக்கு. கம்ப்ரஸர், நல்ல டிராலி ஜாக், ஜாக் ஸ்டாண்டுகள், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், பல கம்பெனி வண்டிகளைப் படிக்கும் ஸ்கேனர். இவை போதும். டூ போஸ்ட் லிஃப்ட் பிறகு வரலாம். ஸ்கேனரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். இன்றைய வண்டியில் ஏ.பி.எஸ்., ஏர்பேக் கோளாறைப் படிக்க முடியாதவர் ஆயில் மாற்றும் வேலையோடு நின்றுவிட வேண்டியதுதான். டிங்கரிங், பெயின்டிங்கைத் தெரிந்த பட்டறைக்கு அனுப்பிக் கமிஷன் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் பூத் போடுகிற செலவு இப்போது வேண்டாம்.

காகித வேலை நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஷெட் இருக்கும் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும். உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவை ஆதார், பான் எண் கொண்டு இணையத்தில் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம். ‘ஆயிரம் ரூபாய் கொடுங்க, எடுத்துத் தர்றேன்’ என்பவரிடம் போகாதீர்கள். மின் இணைப்பு வணிகப் பயன்பாட்டுக்கானதாக இருக்க வேண்டும். வடித்த ஆயில் அபாயகரமான கழிவுப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சாக்கடையில் விடக்கூடாது, அங்கீகாரம் உள்ள மறுசுத்திகரிப்பு ஆட்களிடம்தான் கொடுக்க வேண்டும். கஸ்டமர் வண்டி உங்கள் பொறுப்பில் இருக்கும்போது தீப்பிடித்தாலோ, டெஸ்ட் டிரைவில் இடித்தாலோ என்ன என்பதை இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். அந்தந்த காரின் பாலிசியை நம்பி இருக்க வேண்டாம். ஜாப் கார்டு எழுதாமல் ஒரு வண்டியையும் உள்ளே எடுக்காதீர்கள். கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஏற்கனவே உள்ள கீறல், சொன்ன புகார், எஸ்டிமேட் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கீழே கஸ்டமர் கையெழுத்து. சர்வீஸ் சென்டரில் இதைச் சலித்துக்கொண்டே செய்திருப்பீர்கள். நுகர்வோர் நீதிமன்றம் வரை ஒரு சண்டை போனால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான்.

ஜி.எஸ்.டி.க்கு வருவோம். பொருள் மட்டும் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. நீங்கள் வேலையும் செய்கிறீர்கள், ஸ்பேரும் போடுகிறீர்கள். ஆகவே உங்களுக்கு வரம்பு 20 லட்சம். ஸ்பேர் விலையையும் சேர்த்துத்தான் விற்றுமுதல். ரிப்பேர் வேலைக்கு வரி 18 சதவீதம். ஸ்பேர்களில் பல 28 சதவீதத்தில் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாம் 18-க்கு வந்துவிட்டன. அதே நாளில் சிறிய கார்களுக்கான வரியும் குறைந்தது. புது வண்டி விலை இறங்கும்போது பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். கையில் ஸ்டாக் வைத்திருக்கும் கன்சல்டிங்காரருக்கு (பழைய கார் வியாபாரிக்கு) ஒரே இரவில் நஷ்டம் வரும் வழி இதுதான்.

இனி கார் வியாபாரம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் பழைய கார் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சின்ன வண்டிகளுக்கு 12 ஆக இருந்தது, 2025 ஜனவரி 16 முதல் எல்லாவற்றுக்கும் 18 ஆகிவிட்டது. நஷ்டத்துக்கு விற்றால் வரி இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 லட்சத்துக்கு வாங்கி, கிளட்ச், சஸ்பென்ஷன், டயர் என்று 25,000 செலவழித்து, 3,40,000-க்கு விற்கிறீர்கள். உங்கள் மனக்கணக்கில் லாபம் 15,000. வரிக் கணக்கிலோ வித்தியாசம் 40,000, வரி 7,200. ரிப்பேர் செலவை அந்த வித்தியாசத்தில் கழிக்க முடியாது. மிச்சம் 7,800. அதில் உங்கள் நான்கு நாள் உழைப்பும் அடக்கம், வண்டி நின்ற இரண்டு மாத வட்டியும் அடக்கம். ஸ்பேர் பில்லில் கட்டிய வரியைக் கிரெடிட் எடுப்பது பற்றி ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எப்படியும், சரிசெய்யும் செலவை வாங்கும் விலையில் பேசிக் குறைக்கத் தெரிந்தால்தான் இந்தத் தொழில்.

ஓப்பன் ஃபார்ம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விற்பவரிடம் பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் வெற்றுக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பார்ட்டி கிடைத்ததும் நேராக அவர் பேருக்கு மாற்றுவது. ஊரே செய்கிறது என்று நீங்களும் இறங்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் அதுதான் நிலை. உங்களை நம்பி விற்ற பழைய கஸ்டமருக்குக் கோர்ட் நோட்டீஸ் போனால், அவர் நேராக உங்கள் ஷெட்டுக்குத்தான் வருவார்.

இதைச் சரிசெய்யத்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதல் 55ஹெச் வரை சேர்த்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. பழைய வண்டி வாங்கி விற்பவர் ஃபார்ம் 29ஏ-வில் விண்ணப்பித்து அங்கீகாரம் பெற வேண்டும்; அது ஐந்து வருடம் செல்லும். வண்டியை உங்களிடம் ஒப்படைத்ததும் உரிமையாளர் இணையத்தில் ஃபார்ம் 29சி மூலம் தெரிவிப்பார். அந்த நிமிடத்திலிருந்து வண்டிக்கு நீங்களே உரிமையாளர் மாதிரி. அவருக்கு நிம்மதி, பொறுப்பு உங்கள் தலையில். பதிலுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று), ஆர்.சி. புதுப்பித்தல், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), பேர் மாற்றம் ஆகியவற்றுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். அந்த வண்டியைச் சொந்த வேலைக்கு ஓட்டக் கூடாது. வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்ட, ரிப்பேர், பெயின்டிங், இன்ஸ்பெக்‌ஷன் போன்றவற்றுக்கு மட்டும்தான். அதற்கும் பயணப் பதிவேடு உண்டு. மாமியார் வீட்டு விசேஷத்துக்கு எடுத்துப் போவது நிச்சயம் அதில் வராது.

வாங்கும்போது இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். முதலில் சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், சுற்றிலும் வெல்டிங், அரைத்த தடம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். பரிவாஹன் என்கிற அரசு வாகன இணையதளத்தில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் பதிவு) இருக்கிறதா, சலான் நிலுவை எவ்வளவு என்று பாருங்கள். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, பேங்க் என்.ஓ.சி.யும், ஹெச்.பி.யை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் வேண்டும். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் ஃபார்ம் 31-ல் வாரிசு பேருக்கு மாறிய பிறகே வாங்குங்கள். சென்னை வண்டி மலிவாக வந்தால் 2015, 2023 வெள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் வண்டல் கறை காட்டிக்கொடுக்கும். சீட் ரெயில் அடியில் துரு, ஃபியூஸ் பாக்ஸில் பச்சைப் பூத்த பின்கள் இருக்கும். இப்படிப்பட்ட வண்டியை நீங்கள் எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும், எலெக்ட்ரிக்கல் புகார் ஆறு மாதம் கழித்தாவது திரும்பி வரும்.

பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள், வாங்குங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

நகைக்குப் பதிலாக மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், தமிழக அரசின் வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டம் இரண்டுமே அங்கே வருகின்றன. மானியத்தோடு பேங்க் கடன். இப்போது எது நடப்பில், உங்கள் வயதுக்கும் வகுப்புக்கும் மானியம் எவ்வளவு என்று நேரில் கேளுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இவை புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானவை. ஷெட்டைத் திறந்து பில் போட ஆரம்பித்த பிறகு போனால் ‘ஏற்கனவே நடக்கும் தொழில்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்ப்ரஸர், ஸ்கேனர், லிஃப்ட்டுக்கான கொட்டேஷன்களோடு வேலையில் இருக்கும்போதே போய் வாருங்கள். ராஜினாமா கடிதம் கடன் அனுமதி வந்த பிறகு.