மாநகராட்சி வரியும் ஊர் வேலையும்: கேள்வி பதில்

நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மதுரையில் டீக்கடை வைத்திருக்கிறேன். 2022-ல் சொத்து வரி ஏறியதும் ஓனர் வாடகையை ஏற்றினார். மாஸ்டருக்கு உதவியாக இருந்தவரை நிறுத்திவிட்டேன்.

வருத்தமாக இருக்கிறது. அந்த உயர்வில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், உங்கள் கடை மாதிரி வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதம். இந்த வரி லாபத்தைப் பார்க்காது, கட்டடத்தைத்தான் பார்க்கும். வியாபாரம் படுத்தாலும் கட்டியாக வேண்டும். அதனால் சின்னக் கடையில் முதல் அடி சம்பளத்தில்தான் விழுகிறது. வரி என்று சொல்லி ஓனர் தனியாகப் பணம் கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

தொழில் வரி எதற்கு? எல்லாருக்கும் ஒன்றா?

முக்கியமான கேள்வி. சம்பளமோ தொழிலோ மூலம் சம்பாதிப்பவரிடம் உள்ளாட்சி வாங்கும் வரி இது. அரசியல் சட்டப்படி இதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988-ல் 250-லிருந்து ஏற்றியது, அப்புறம் அசையவில்லை. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். மாதம் 13,000 வாங்குபவரும் 2 லட்சம் வாங்குபவரும் கட்டுவது ஒரே தொகை! ஐடி கம்பெனிகள் நிறைந்த சோழிங்கநல்லூரில் சம்பளம் எவ்வளவு ஏறினாலும் மாநகராட்சிக்கு அதில் பங்கு வராது. அந்தக் குறையைக் கட்டட வரியும் மாநில அரசின் மானியமும்தான் ஈடுகட்ட வேண்டும். மதுரையிலும் இதே உச்சவரம்புதான், அங்கே அந்தச் சுமையில் ஒரு பங்குதான் முதலில் கேட்ட டீக்கடைக்காரர் தலையில் விழுந்தது.

ஜிஎஸ்டி பதிவு ரத்தாகிவிட்டது, என்ன செய்ய?

என் துறை இல்லை. ஆடிட்டரைப் பாருங்கள்.

எங்கள் ஊரிலும் கடைக்குச் சொத்து வரி கூடிவிட்டது...

முதல் பதிலைப் படியுங்கள். ரசீது முக்கியம்.

குப்பை அள்ளுவதை ஒப்பந்தத்துக்கு விட்டால் செலவு குறையுமே, மிச்சத்தில் ரோடு போடலாமே?

எந்தச் செலவு குறைகிறது? குப்பை அள்ளுவதில் பெரிய செலவு கூலிதான். 2025 ஆகஸ்ட்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததற்கு, வேலை ஒப்பந்தத்துக்குப் போனால் வாங்கிய சம்பளம் குறையும் என்ற பயமும் ஒரு முக்கியக் காரணம்.

அதே ஆட்களுக்குத்தானே வேலை? யாருக்கும் வேலை போகவில்லையே?

ஆள் அதே ஆள்தான், சம்பளம் அதே சம்பளமா? அவர்கள் பணம் புளியந்தோப்பு மளிகைக்கடைக்கும் இட்லிக்கடைக்கும் போகிறது. அது குறைந்தால் அங்கே இன்னொருவர் வேலை ஆடும். ரோடும் வேண்டும்தான். அதற்குப் பெரிய கட்டடங்களின் வரி பாக்கியை முதலில் வசூலிக்கட்டும்.

கடை வரியைப் பற்றி...

இது மூன்றாவது முறை. மேலே இருக்கிறது ஐயா.

நகரத்தில் நூறு நாள் வேலை கிடையாதா?

அது கிராமத்துக்கு மட்டும். கேரளத்தில் நகரத்துக்கென்று அய்யன்காளி திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று 100 கோடியில் சோதனையாகத் தொடங்கினார்கள். மழைநீர் வடிகால் தூர்வார எல்லா ஊரிலும் ஆள் தேவை. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.