ஆஸ்திரேலியக் கரையோரம் படகிலேயே தங்கி நாவல் எழுத முடியுமா? மின்சாரத்துக்கு என்ன வழி?

முடியும். குவீன்ஸ்லாந்து கரையென்றால் மே முதல் அக்டோபர் வரை எழுதுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம்.

மின்சாரம் பெரிய சிக்கலே இல்லை. 50 வாட் மடிக்கணினி 6 மணி நேரம் ஓடினால் 300 வாட்-மணி, அதாவது 12 வோல்ட் பேட்டரியில் 25 ஆம்ப்-மணி. 200 வாட் சோலார் பேனல் அதை ஈடுகட்டிவிடும். இன்வெர்ட்டர் வேண்டாம், வீண் இழப்பு. 12 வோல்ட் சார்ஜரே போதும். ஈய-அமில பேட்டரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும்.

உண்மையில் எழுத்தைக் கெடுப்பது நங்கூரம்தான். குவீன்ஸ்லாந்தின் விட்சண்டே தீவுகளில் கடல்மட்டம் 3 மீட்டர்கூட ஏறும். வற்றத்தில் ஆழம் 5 மீட்டர், நீருக்கு மேல் படகு முகப்பின் உயரம் 1 மீட்டர் என்று பார்த்து, இரண்டையும் கூட்டி ஐந்து மடங்காக 30 மீட்டர் சங்கிலி விட்டால், ஏற்றத்தில் அது மூன்று மடங்கு சொச்சமாகச் சுருங்கும். காற்று வலுத்தால் நங்கூரம் இழுபடும். ஏற்றத்தையும் சேர்த்து 45 மீட்டர் விடுங்கள், பிறகு நிம்மதியாக எழுதலாம்.

தென்கிழக்குக் காற்றுக்கு மறைவான விரிகுடாவிலும் அலை நிலமுனையைச் சுற்றி வந்து பக்கவாட்டில் அடிக்கும். நங்கூரச் சங்கிலியில் ஒரு கயிறு கட்டிப் படகின் பின்புறத்துக்கு இழுத்துக் கட்டி, முகப்பை அலைக்குத் திருப்புங்கள். ஆட்டம் வெகுவாகக் குறையும்.

கைப்பிரதியின் நகல் ஒன்று எப்போதும் நீர்புகாப் பையில், அவசரப் பொருள்களோடு இருக்கட்டும்.