ஸ்கிரஞ்சி ஏன் முறுக்கிக்கொள்கிறது?

கேள்வி: தையல் பழகி ஓராண்டு ஆகிறது. தைத்து மிஞ்சிய துண்டுத் துணிகள் இரண்டு பை நிறையச் சேர்ந்துவிட்டன. தூக்கிப் போட மனம் வரவில்லை. தலைமுடிக்குப் போடும் ஸ்கிரஞ்சி நான்கு தைத்தேன். எல்லாமே முறுக்கிக்கொண்டன, சுருக்கமும் சரியாக விழவில்லை. ஒன்றில் எலாஸ்டிக் இரண்டே நாளில் பிரிந்துவிட்டது. எங்கே தவறு செய்கிறேன்? வேறு என்ன தைக்கலாம்?

பதில்: முதல் ஒன்று சரியாக வராதபோதே மெஷினை மூடி வைக்காமல் நான்கு தைத்துப் பார்த்திருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மகிழ்ந்துபோனேன். ஐந்தாவது உங்களுக்கு நிச்சயம் வந்துவிடும்.

முறுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் வெட்டில்தான் இருக்கும். துண்டுத் துணியில் கரை இருக்காது. இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல், கண்ணுக்கு நேராகத் தோன்றியபடி வெட்டிவிடுகிறோம். அப்படிச் சற்றே கோணலாக விழுந்த பட்டையைத் தைத்துத் திருப்பினால் அது இழையின் போக்கிலேயே சுழலும். எனவே வெட்டுவதற்கு முன் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை மெதுவாக உருவுங்கள். நூல் வந்த வழியில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். கத்தரிக்கோலை அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். தைக்கும்போதும் கவனம் வேண்டும்: மெஷினின் பல் கீழ்த் துணியைச் சற்று வேகமாக இழுத்துக்கொள்ளும். நாலு விரல் இடைவெளிக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டால் இரண்டு மடிப்பும் சேர்ந்தே நகரும்.

சுருக்கம் விழாததற்குப் பட்டையின் நீளம் போதாததே காரணம். எலாஸ்டிக் 20 செ.மீ. என்றால் பட்டை 50 முதல் 60 செ.மீ. வரை இருக்க வேண்டும். அகலம் 10 செ.மீ. போதும். அவ்வளவு நீளத் துண்டு இல்லையென்றால் இரண்டை ஒட்டுப்போடுங்கள், ஆனால் ஒட்டுத் தையல் குறுக்காகச் சாய்ந்து வரட்டும். நேராக ஒட்டினால் அந்த ஒரே இடத்தில் துணி தடித்துப்போகும்.

எலாஸ்டிக்கை முடிச்சுப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முடிச்சு நழுவும், தலையிலும் உறுத்தும். இரண்டு முனைகளையும் 1.5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சிறு சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவில் குறுக்காக இரண்டு முறை ஓட்டிவிடுங்கள். பிறகு பட்டையின் ஒரு வாயை 1 செ.மீ. உள்ளே மடித்து, மற்றொரு வாயை அதற்குள் செருகி, நீளத் தையல் இரண்டும் நேருக்கு நேர் நிற்கிறதா என்று பார்த்து, கையால் மூடுங்கள். அவை விலகி நின்றாலும் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்துச் சுருக்குப் பை தைக்கலாம். 20க்கு 25 செ.மீ. அளவில் இரண்டு துண்டுகள் போதும். பக்கத் தையலை மேல்விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழேயே நிறுத்திவிடுங்கள், கயிறு நுழையும் வாய் அதுதான். அடிப்பக்கத்துக்கு ஜீன்ஸ் துணி வைப்பதானால் 16ஆம் எண் ஊசியை மாட்டிக்கொள்ளுங்கள். புதுப் பருத்தித் துண்டையும் அடர்நிறத் துண்டையும் முதலில் நனைத்துக் காயவையுங்கள். தைத்த பிறகு ஒன்று சுருங்கினாலோ சாயம் விட்டாலோ முழு உழைப்பும் வீண்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரு கையாலும் இழுத்தால் கிழிகிற நைந்த துணியைத் தைக்க எடுக்காதீர்கள். அதையும் இரண்டு விரல் அகலம்கூட இல்லாத துணுக்குகளையும் நூல் நறுக்குகளையும் பொடியாகக் கத்தரித்து ஒரு டப்பாவில் சேருங்கள். 10 செ.மீ. சதுரத்தில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தில் விட்ட வாய் வழியாக அவற்றைக் கெட்டியாக அடைத்தால் குண்டூசி குத்தி வைக்கச் சிறிய திண்டு கிடைக்கும். வாயை மூடும் முன் ஓர் ஊசியைக் குத்திப் பாருங்கள். சாய்ந்தால் இன்னொரு பிடி அடையுங்கள்.