இனுயாமா வேறு, தகயாமா வேறு

கேள்வி: ஏப்ரல் 14 அன்று ஜப்பானில் நகோயாவில் இருப்போம். இனுயாமா கோட்டையையும் தேர்த் திருவிழாவையும் மதியம் இரண்டு மணி நேரத்தில் பார்த்துத் திரும்பிவிடலாமா? ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வே பயணச்சீட்டு) கையில் இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போகலாம், தேர்தான் இருக்காது. 14, 15 தகயாமா என்ற வேறொரு ஊரின் தேர்த் திருவிழாத் தேதி. இனுயாமாவில் ஏப்ரல் முதல் சனிக்கிழமையும் மறுநாள் ஞாயிறும். 2016-இல் யூனெஸ்கோ ஒரே தொகுப்பாக ஏற்ற 33 தேர்த் திருவிழாக்களில் இரண்டும் உண்டு. பெயரும் ஒன்றுபோல ஒலிப்பதால் தேதியைக் கலந்துகொள்கிறீர்கள். சரி, தகயாமாவுக்கே போய்விடலாம் என்றால், அங்கே கோட்டையைத் தேடாதீர்கள். 1695-இல் அதை இடித்தாயிற்று. கோட்டையும் தேரும் ஒரே ஊரில் வேண்டுமா, பயணத் தேதியை மாற்றி இனுயாமாவுக்கே போங்கள்.

உங்கள் பாஸும் இங்கே செல்லாது. இனுயாமாவுக்குப் போவது மெய்டெட்சு என்ற தனியார் ரயில். தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும், பயணம் அரை மணி நேரம். மெய்டெட்சு நகோயா நிலையத்தில் கவனம்: இருப்பதே இரண்டு தண்டவாளம். பல ஊர் வண்டிகள் ஒரே நடைமேடைக்கு அடுத்தடுத்து வந்து போகும். வந்ததில் ஏறினால் கிஃபு போன்ற வேறு ஊரில் இறங்குவீர்கள். வண்டியின் முகப்புப் பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

இரண்டு மணி நேரக் கணக்கை விட்டுவிடுங்கள். 1635-இல் தொடங்கிய ஹரித்சுனா ஆலயத் திருவிழா இது. தேர்கள் 13, எட்டு மீட்டர் உயரம், பெரும்பாலும் மூன்று அடுக்கு. கீழ் அடுக்கில் குழலும் மேளமும், நடு அடுக்கில் பொம்மையாட்டிகள், உச்சியில் கயிறு இழுத்து ஆட்டும் பொம்மைகள். கோட்டை அடிவாரத்தில் ஆலயத்தின் முன் ஒவ்வொரு தேராக நின்று ஆட்டம் காட்டும். ஆட்டம் நடப்பது தலைக்கு மேலே. தேரை ஒட்டி நின்றால் மரச்சட்டம்தான் தெரியும். பத்துப் பதினைந்தடி பின்வாங்கி நில்லுங்கள்.

அதைவிடப் பார்க்க வேண்டியது தேர் திரும்புவது. இந்தச் சக்கரங்கள் தாமாகத் திரும்பாது. முட்டுக்கட்டை போட்டு ஒடிக்கும் வழக்கமும் இல்லை. ஆட்கள் உத்தரத்துக்குத் தோள் கொடுத்து, டன் கணக்கான தேரின் ஒரு பக்கத்தை அப்படியே தூக்கி, மறுபக்கச் சக்கரங்களை ஊன்றிச் சுழற்றுவார்கள். இதற்கு 'டொண்டென்' என்று பெயர். சுழலும்போது வால்பக்கம் வீசி வரும். படத்துக்காகக் கயிறு தாண்டி நிற்பவர்களைக் காவலர்கள் விரட்டுவது அதனால்தான், உங்கள் மீது கோபத்தால் அல்ல.

மதியமே கிளம்புபவர்கள் இழப்பது இரவை. சனிக்கிழமை இருட்டியதும் ஒவ்வொரு தேரிலும் 365 விளக்குகள். உள்ளே எரிவது மெழுகுவர்த்தி, மின்விளக்கு அல்ல. ஹொன்மாச்சி தெருவில் கூட்டம் நெரியும். முச்சந்தி ஓரம் கிடைத்தால் விடாதீர்கள். தேர் திரும்புவது அங்கேதான்.

கோட்டையைக் காலையிலேயே முடியுங்கள், 9 மணிக்குத் திறக்கும். 1537-இல் ஓடா நோபுயாசு கட்டியது. ஜப்பானில் தேசியப் பொக்கிஷம் எனப்படும் ஐந்து கோட்டைகளில் ஒன்று. 2004 வரை ஒரு குடும்பத்தின் சொந்தச் சொத்தாக இருந்தது என்றால் நம்புவீர்களா! செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். படிகள் ஏணி போலச் செங்குத்து, பலகை வழவழப்பு. புடவையோ மூட்டுவலியோ இருந்தால் கீழேயே நிற்பது உத்தமம். உச்சியில் வெளித்தாழ்வாரத்தின் கைப்பிடி தாழ்வானது; குழந்தைகளை விடாதீர்கள்.

மழை வந்தால் தேர் ஓடாமல் போகலாம், அரக்கும் பொம்மையும் நனையக்கூடாது. அப்போது ஹொன்மாச்சியிலேயே உள்ள டொண்டென்-கான் காட்சியகம் கைகொடுக்கும். நிஜத் தேர்கள் நான்கு அங்கே நிற்கின்றன.

சைவர்களுக்கு: கம்பியில் கோத்துச் சுட்ட டோஃபுவை (சோயாப் பால்கட்டி) வாங்குமுன், மேலே தடவும் மிசோவில் (புளிக்கவைத்த சோயா விழுது) மீன்சாறு உண்டா என்று கேளுங்கள். இருக்கலாம்.