குழந்தை சொன்னது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதுவதை ஒரு வருடமாகப் படித்து வருகிறேன். நானும் நீலகிரியில்தான் இருக்கிறேன், குழந்தைகளுக்குக் கவுன்சிலிங் கொடுக்கிறேன். படிப்பை முடித்துத் தனியாக ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது.

முதல் நாள் வந்த ஒரு குழந்தை, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று கையை நீட்டியது. அப்படிச் செய்தால்தான் பேசும் என்று நினைத்து நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

(இங்கே நான்கு பத்திகளை நீக்கியிருக்கிறேன்.)

இது போக, அம்மாக்கள் வாசலிலேயே நின்று, “உள்ள என்ன சொல்லிச்சு?” என்று கேட்கிறார்கள். பள்ளியில் ரிப்போர்ட் கேட்கிறார்கள். என்னோடு வேலை பார்ப்பவர், “பிள்ளைகள் விளையாடுற வீடியோவை ஸ்டேட்டஸ்ல போட்டாத்தான் நாலு பேருக்குத் தெரியும், முகத்தை மறைச்சுடலாம்” என்கிறார். ரகசியம் காக்க வேண்டும் என்று படித்தேன், பாதுகாப்புக்காகச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் படித்தேன். இரண்டும் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி இருக்கிறது. எதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பது?

என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து பல மாதங்கள் ஆகின்றன. வந்த அன்று இரவே கூப்பிட்டேன், அந்த நான்கு பத்திகளைப் பற்றி அப்போதே பேசிக்கொண்டோம். அவற்றில் என்ன இருந்தது என்று இங்கே ஒரு வார்த்தை இருக்காது, படிப்பவர்களும் தயவுசெய்து ஊகிக்க வேண்டாம். மிச்சத்தை வெளியிட நீங்கள் சம்மதித்ததற்கு நன்றி.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பத்திகளில் நீங்கள் பெயர் எழுதவில்லை, அது சரி. ஆனால் வகுப்பு இருந்தது, அப்பா ஓட்டும் வண்டி இருந்தது, எந்த பஸ்ஸில் வந்து எந்த பஸ்ஸில் திரும்புவார்கள் என்பதுகூட இருந்தது. சென்னையில் இதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. நம் மலையில் இதற்குப் பெயர் முகவரி. ஒரே கடைவீதியில் எல்லோரும் காய்கறி வாங்குகிறோம், யார் வீட்டுப் பிள்ளை எந்த ஸ்வெட்டர் போடும் என்பதுவரை தெரிந்த ஊர் இது.

இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும், ஊட்டியில் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சியில் ஒரு ‘கேஸ்’ சொன்னேன். பெயரை மாற்றினேன், வயதில் ஒன்றைக் கூட்டினேன், பெரிய ஜாக்கிரதைக்காரி என்ற நினைப்பு. டீ இடைவேளையில் ஓர் ஆசிரியர் பக்கத்தில் வந்து நின்று, “அது ஃபேக்டரிக்குக் கீழ லைன் வீட்டுப் பையன்தானே மேடம்?” என்றார். ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பேசாமல் நின்றதே அவருக்குப் பதிலாகிவிட்டது. அந்தப் பையன் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என்னிடம் வரவில்லை. அந்தப் பேச்சு அவன் காதுவரை போயிற்றா, வேறு காரணமா, அவனிடம் கேட்கும் உரிமையை நானே தொலைத்துவிட்டேன். இன்றும் அந்தப் பக்கம் போகும்போது மனசு கனக்கும்.

இந்த விஷயத்தில் சட்டம் நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012 போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையைப் பற்றி ஊடகத்தில் எதெல்லாம் வரக் கூடாது என்று சொல்லும்போது பெயரோடு நிற்பதில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதுவும் கூடாது என்கிறது. பாதிக்கப்பட்டவரைத் தொலைவிலிருந்துகூட அடையாளம் காட்டிவிடும் தகவல் வெளியே வரக் கூடாது என்று 2018-ல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நாம் பத்திரிகைக்காரர்கள் இல்லைதான், ஆனாலும் அந்தப் பட்டியலை உங்கள் மேஜைக்கு முன்னால் ஒட்டி வையுங்கள். பயிற்சியில் பேசும்போதும், கூட வேலை செய்பவரிடம் புலம்பும்போதும், எனக்குக் கடிதம் எழுதும்போதும் அதுதான் அளவு. தமிழ் இதில் நமக்கு ஒரு பெரிய வசதி செய்து கொடுத்திருக்கிறது. ‘குழந்தை சொன்னது’, ‘குழந்தை அழுதது’ என்று எழுதினால் ஆணா பெண்ணா என்பதுகூட வெளியே தெரியாது. நான் நோட்ஸிலும் அப்படியேதான் எழுதுவேன், ஃபைல் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற நோட்டு வேறு பூட்டில் இருக்கும்.

சரி, சத்தியத்துக்கு வருவோம். கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று ஒரு குழந்தைக்கு நாம் எப்போதும் வாக்குக் கொடுக்கக் கூடாது, அது எவ்வளவு அழுதாலும், அந்த ஒரு சொல்லுக்காகவே வாசலில் நின்றாலும். சட்டம் என்பது ஒரு காரணம், அதைக் கீழே சொல்கிறேன். அதைவிடப் பெரிய காரணம், குழந்தையைக் கெடுக்கிற ஆளும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பான். “இது நமக்குள்ள மட்டும், யார்கிட்டயும் சொல்லாதே.” பெரியவர் ஒருவர், பூட்டிய அறை, ஒரு ரகசியம். அதே மூன்றையும் நாமும் கொண்டுபோய் வைத்தால் அந்தக் குழந்தை நம்மையும் அவனையும் எப்படிப் பிரித்துப் பார்க்கும்? அதனால் ‘ரகசியம்’ என்ற சொல்லையே என் அறையில் நான் பயன்படுத்துவதில்லை. ‘உன் விஷயம்’ என்பேன்.

நான் முதல் நாளே சொல்வது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: “நீ இங்க பேசுறது உன் விஷயம். அதை நான் உன் ஸ்கூல்லயோ கடையிலயோ போய்ப் பேச மாட்டேன். ஆனா யாராவது உனக்குக் கெடுதல் பண்றாங்கன்னோ, நீயே உன்னைக் காயப்படுத்திக்கப் போறேன்னோ, உன்னால இன்னொருத்தருக்கு அடிபடும்னோ தெரிஞ்சா நான் சும்மா இருக்க மாட்டேன். உதவி பண்ணக்கூடிய ஆள்கிட்ட சொல்லுவேன். யார்கிட்ட சொல்லப் போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லுவேன்.” இதை ஒரு தடவை சொல்லி முடிக்கிற காரியம் இல்லை, மாதம் ஒரு தடவையாவது திரும்பச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று வாரம் வாயே திறக்காத குழந்தைகள் உண்டு. விடுங்கள். பிறகு ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டுவரும், பென்சில் பாக்ஸை உடைத்ததை, தம்பியைக் கிள்ளியதை. சொல்லிவிட்டு வீட்டில் அது எதிரொலிக்கிறதா என்று பார்க்கும். அந்தப் பரீட்சையில் நாம் தேறினால்தான் பெரியது வரும். சத்தியம் செய்து வாங்குகிற பேச்சு சீக்கிரம் வரலாம், ஆனால் அந்தச் சத்தியத்தை மறுநாளே உடைக்க வேண்டி வந்தால், இனி ஒரு பெரியவரையும் நம்பக் கூடாது என்று குழந்தை முடிவு கட்டிவிடும்.

நீங்கள் செய்த சத்தியத்தைப் பற்றி: குழந்தையிடமே போய், “நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அது என் தப்பு, உன் தப்பு இல்ல” என்று சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் தன் தப்பை ஒத்துக்கொள்வதை முதல்முறையாகப் பார்க்கும் குழந்தைகள் நம் ஊரில் நிறைய.

இப்போது சட்டம். போக்சோ 19-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குக் கீழே இருப்பவர் மீது பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், தெரிந்தவர் யாராக இருந்தாலும் உள்ளூர் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். கவுன்சிலருக்கு விலக்கு கிடையாது. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது என்றும் அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும், முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் போடாமல். குழந்தையை ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால், “போலீஸ் ஜீப் வீட்டு வாசலுக்கு வருமா?” என்று நடுங்குகிற அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் கூப்பிடலாம்.

துப்பறிகிற வேலை நம்முடையது இல்லை. “அப்புறம் என்ன பண்ணான்?” என்று தோண்டாதீர்கள். குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதிவைத்து அங்கேயே நிறுத்துங்கள். சந்தேகப்படும் ஆள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தால் வீட்டுக்கு முதலில் சொல்லி அவனை எச்சரித்துவிடக் கூடாது. “நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிச்சுக்கலாம், பிள்ளை பேர் கெட்டுடும்” என்று பெரியவர்கள் வருவார்கள், மலையில் இது சகஜம். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பின்வாங்காதீர்கள்.

ரகசியமும் பாதுகாப்பும் முட்டுகின்றன என்று எழுதினீர்கள். எனக்கு இத்தனை வருடத்தில் அப்படித் தோன்றியதில்லை. போலீஸுக்குச் சொன்னேன் என்பதால் ஹெச்.எம்.முக்கும் வகுப்பு டீச்சருக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் சொல்லலாம் என்று ஆகாது. சொல்ல வேண்டிய கதவு ஒன்றோ இரண்டோ. ஆனால் ஊரில் நடப்பது நேர்மாறு, அந்த ஒரு கதவுக்குப் போக எல்லோருக்கும் பயம், மற்ற கதவுகளிலெல்லாம் பேச்சு புகுந்து வெளியே வந்துவிடும். கடைசியில் குழந்தைக்குப் பாதுகாப்பும் கிடைக்காது, மானமும் மிஞ்சாது.

அம்மாக்கள் விஷயத்தில் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அவர்கள் பக்கம்தான். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண் அரை நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, பிள்ளையைக் கூட்டிவந்து மழையில் வாசலில் நிற்கிறாள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்க அவளுக்கு உரிமை இல்லையா? கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது, பயம் குறைந்திருக்கிறதா, இந்த வாரம் வீட்டில் என்ன செய்தால் நல்லது, இதெல்லாம் அவளுக்கு வேண்டியவை. குழந்தையின் வாக்கியங்கள் வேண்டாம். கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் குழந்தையிடமே, “இன்னைக்கு அம்மாகிட்ட எதைச் சொல்லலாம்?” என்று கேளுங்கள். பாதிக் குழந்தைகள் தாங்களே சொல்லிக்கொள்கிறேன் என்பார்கள். பள்ளிக்கு இன்னும் குறைவு போதும். பரீட்சையில் கூடுதல் நேரம் வேண்டுமா, முன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டுமா, அவ்வளவுதான், அதுவும் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு. வீட்டுக் கதை பள்ளி ஃபைலுக்குள் போகக் கூடாது.

ஸ்டேட்டஸ் வீடியோ வேண்டாம். முகத்தை மறைத்தால் ஸ்வெட்டர் இருக்கிறது, குரல் இருக்கிறது, நடை இருக்கிறது. “அம்மா சம்மதிச்சாங்க” என்பார் உங்கள் சகா. தெரபி நின்றுவிடுமோ என்ற பயத்தில் இருக்கிறவள் எப்படி மறுப்பாள்? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது, கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலுக்கும் அதே ரகசியக் காப்பு உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்தக் குழந்தைக்கு ஒருநாள் இருபது வயது ஆகும், கத்தி அழுது தரையில் புரண்ட அந்த ஒரு நிமிடம் யார் யார் போனிலோ இருக்கும். வேலைக்காக எடுத்தே ஆக வேண்டிய வீடியோ என்றால் உங்கள் சொந்த போனில் எடுக்காதீர்கள், கேலரியில் இருப்பது தானாகவே எங்கெங்கோ பேக்கப் ஆகிறது.

அறையைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊர் மாடி அறைகளில் நடுச்சுவர் பல இடங்களில் வெறும் பலகைதான். மழை பெய்தால் தகரக் கூரை போடும் சத்தத்தில் ஒன்றும் வெளியே கேட்காது, வெயில் நாளில்தான் பிரச்சினை. காத்திருக்கிறவர்கள் பக்கம் ஒரு ரேடியோவைப் பாட விடுங்கள். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி வைக்கச் சொல்லுங்கள், வெளியிலிருந்து பார்த்தால் நீங்கள் தெரிய வேண்டும், சத்தம் மட்டும் வெளியே போகக் கூடாது. உங்களைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. நம் தொழிலில் தனி அறையும் குழந்தையும் இருக்கிற இடத்தைத் தேடி வருகிறவர்களும் உண்டு, நல்லவர்கள் எல்லோரும் கண்ணாடிக் கதவு வைத்தால்தான் வைக்காதவர் தனியாகத் தெரிவார்.

கடைசி பஸ் போய்விட்டது, மழை, அப்பா வரவில்லை, பத்து வயதுக் குழந்தை உங்கள் வாசலில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. உடனே ஏற்றிக்கொள்ளத்தான் மனசு சொல்லும். முதலில் வீட்டுக்குப் போன் போடுங்கள், கீழே கடைக்காரம்மாவைத் துணைக்கு உட்காரச் சொல்லுங்கள், வேறு வழியே இல்லை என்றால் அவரையும் சேர்த்து ஆட்டோவில் கூட்டிப் போங்கள், மறுநாள் நோட்டில் எழுதுங்கள். குழந்தைக்கு உங்கள் சொந்த நம்பரைக் கொடுத்து ராத்திரி மெசேஜில் பேசுவதும் வேண்டாம்.

இதையெல்லாம் தனியாகச் சுமக்க முடியாது. உங்களுக்கு மூத்தவர் ஒருவரிடம் வாராவாரம் பேசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்காமல் வீட்டில் யாரிடமாவது கொட்டிவிடுவீர்கள், நானும் அப்படித்தான் கொட்டினேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை, கூப்பிடுங்கள். ஃபைல் எண்ணை மட்டும் சொல்லிப் பேசுங்கள், போதும்.

அன்புடன்,
அக்கா